லென்ஸைக் குறை சொல்லும் முன்: பறவைப் படம் கெட்டால் எங்கே பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேல் என் போனுக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, லென்ஸ்ல ஏதோ கோளாறு. ஒரு படம்கூட ஷார்ப்பா வரலை." கூடவே ஒரு மீன்கொத்திப் படம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை.

பெங்களூரில் அல்சூர், ஜீவன்பீமா நகர், ஃபிரேசர் டவுன் பக்கம் இருக்கும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வாரத்துக்கு ஒரு ஏரி என்று சுற்றுகிறோம். கூட்டத்தில் குட்டி ஸ்க்ரூடிரைவர் செட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லாருடைய கேமராவும் ஒருமுறையாவது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை இன்றுவரை வெளியே எடுத்ததில்லை. வந்தவற்றில் நிஜமாகவே பட்டறைக்குப் போக வேண்டியிருந்தவை ஐந்தாறுதான். மற்றதெல்லாம் கையில், காற்றில், இல்லையென்றால் லென்ஸின் முன்னால் மாட்டிய மலிவுக் கண்ணாடியில் இருந்த கோளாறு.

உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் நிற்போம்.

கண்ணில் வைத்துப் பார்க்கும்போதே மங்கல், எடுத்த படம் மட்டும் தெளிவு

வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உங்கள் கண்பார்வைக்கு ஏற்பத் திருப்பி வைப்பது. பைக்குள் உரசி அது தானாகத் திரும்பிவிடும். உள்ளே தெரியும் எழுத்துகளும் எண்களும் தெளிவாகும்வரை திருப்புங்கள். முடிந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றியவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படம் மங்கல்

பெரிய தலைப்பு இது. கேமராவின் குட்டித் திரையைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டு அது உட்கார்ந்திருக்கும் கிளையைப் பாருங்கள். கிளைதான் உண்மையைச் சொல்லும்.

*கிளை, இலை, பறவை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது*

கை ஆடியிருக்கிறது. படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள், அதாவது ஷட்டர் ஒரு நொடியில் எத்தனையில் ஒரு பங்கு திறந்திருந்தது என்று. 400 மி.மீ. லென்ஸை 1.5 மடங்கு சின்ன சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் மாட்டினால் அது 600 மாதிரி. லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்கு என்ற பழைய கணக்குப்படி குறைந்தது 1/600 வேண்டும். என் கைக்கு அது போதாது, 1/1000-க்குக் கீழே இறங்குவதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள், மூச்சை விட்டுவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். ஏரிக்கரைக் கம்பி வேலியில் லென்ஸைச் சாய்த்துக்கொண்டாலும் சரி. முக்காலியில் வைத்தும் இழுபட்டால், பழைய லென்ஸ்களில் ஆட்டம் தடுக்கும் வசதியே அந்த ஆட்டத்தை உண்டாக்கும். அதை அணைத்துப் பாருங்கள்.

*கிளை தெளிவு, பறவையின் தலையோ இறக்கையோ மட்டும் மங்கல்*

பறவை அசைந்திருக்கிறது. ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், தையல்சிட்டை நிறுத்தாது. வட்டமிடும் பருந்துக்கு 1/1600 போதும். அந்தரத்தில் நின்றபடி இறக்கை அடிக்கும் கருவெள்ளை மீன்கொத்திக்கும், பறந்து பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டானுக்கும் 1/3200 வேண்டியிருக்கும். வெளிச்சம் போதவில்லையா, ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) ஏற்றுங்கள். புள்ளிப் புள்ளியாக வரும் படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், இழுபட்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

*பறவைக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருக்கிறது*

ஃபோகஸ் தப்பியிருக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

*எங்குமே தெளிவில்லை, இழுபடவும் இல்லை, எல்லாம் எண்ணெய் பூசியதுபோல*

லென்ஸ் மேல் பழி விழுவது இங்கேதான் அதிகம். முதலில் படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை ஒன்பதரை, பத்துக்கு மேலா? தூரப் பறவையா? அப்படியானால் காற்றுதான் குற்றவாளி. சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளியும். லால்பாக் பாறை மேல் நின்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும். முந்நூறு கோடி வருடப் பாறை, பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல்லாகிவிடும். ஹெசரகட்டா புல்வெளியில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்துக்கும், காலை வெயிலில் ஜக்கூர் ஏரியின் அக்கரையில் நிற்கும் கூழைக்கடாவுக்கும் இதே கதிதான். சோதிப்பது சுலபம்: அசையாத ஒரு கல்லையோ கம்பத்தையோ தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் காற்று. எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது. சீக்கிரம் போங்கள், பக்கத்தில் போங்கள். காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுத்தாலும் இதேதான் நடக்கும், உள்ளே குளிர், வெளியே சூடு, நடுவில் உங்கள் லென்ஸ். ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, சில நிமிடம் விட்டு எடுங்கள்.

அதிகாலையில், பத்தடி தூரத்தில் எடுத்தாலும் எண்ணெய் பூசியதுபோல வந்தால், முன்னால் மாட்டிய பில்டர் கண்ணாடியைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள். நானே ஒரு லென்ஸை இதனால் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறேன். வாங்கியவர் மறுநாள் அனுப்பிய படத்தில் தேன்சிட்டின் இறகு இழை இழையாகத் தெரிந்தது. அவர் செய்த ஒரே மாற்றம், "பாதுகாப்புக்கு" என்று நான் போட்டிருந்த மலிவு பில்டரைக் கழற்றியதுதான். நீள லென்ஸுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கூடவே வந்த ஹூடை (முன்னால் மாட்டும் குழல் மாதிரி மறைப்பு) மாட்டுங்கள், போதும்.

பில்டரும் இல்லை, காற்றும் இல்லை, ஷட்டர் வேகமும் சரி. அப்போது வீட்டுச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் வைத்து, நேராக நின்று எடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் எதிர்ப் பக்கம் மங்கலாகவும் வந்தால், கேமராவைத் தலைகீழாக வைத்து இன்னொன்று. அந்தப் படத்தைத் திருப்பாமலே பார்த்து, மங்கல் அதே பக்கத்தில் நின்றால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்ததால். இது பட்டறை வேலை. நாமே திறக்கக் கூடாது.

ஃபோகஸ் பறவையை விட்டுக் கிளைக்குப் போகிறது

தூங்குமூஞ்சி மரத்துக்குள் உட்கார்ந்த குக்குறுவானை எடுத்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். கப்பன் பார்க்கில் எனக்கு இதிலேயே ஒரு காலை போயிருக்கிறது. கேமராவுக்குக் குக்குறுவான் மேல் தனிப் பாசம் கிடையாது. எது பக்கத்தில் இருக்கிறதோ, எதில் கறுப்பு-வெளுப்பு வித்தியாசம் அதிகமோ அதைப் பிடிக்கும். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்துவிட்டிருந்தால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். அதைப் பறவையின் கண்ணிலோ கழுத்திலோ வையுங்கள். பறவையின் கண்ணைத் தானாகப் பிடிக்கும் புதிய கேமராக்கள்கூட இலைக்கூட்டத்துக்குள் திணறும். அங்கேயும் ஒற்றைப் புள்ளிதான். கடைசி இழுப்பைக் கையால் வளையத்தைத் திருப்பிச் செய்ய வெட்கப்பட வேண்டாம்.

உட்கார்ந்த பறவையில் சரி, பறக்கும்போது மட்டும் தப்புகிறது என்றால் தொடர் ஃபோகஸ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிக்கானில் ஏ.எஃப்.-சி, கேனானில் சர்வோ. ஒருமுறை பிடித்து நின்றுவிடும் முறையில் இருந்தால், பருந்து நகர்ந்துவிடும், ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும்.

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. எப்போதும் ஒரே மாதிரி, ஒவ்வொரு படத்திலும் பறவைக்குச் சற்று முன்னாலேயே, அல்லது சற்றுப் பின்னாலேயே விழுகிறதா? ஒரு அளவுகோலைச் சாய்வாக வைத்து, நடுவில் ஒரு கோட்டைப் பிடித்து, வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஒரு படம். லைவ் வியூ சரியாக விழுந்து வியூஃபைண்டர் தப்பினால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. நடுத்தர விலைக் கேமராக்கள் பலவற்றின் மெனுவிலேயே திருத்தம் இருக்கிறது. ஒவ்வொரு படியாக மாற்றிப் பாருங்கள். அந்த மெனு இல்லையென்றால், அல்லது கடைசிவரை நகர்த்தியும் போதவில்லை என்றால், கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸில் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால், "லென்ஸ் நன்றாக இருக்கிறது" என்று திரும்பி வரும்.

ஃபோகஸே ஆகவில்லை, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அல்லது அசையவே இல்லை

லென்ஸின் பக்கவாட்டு ஸ்விட்ச். ஏ.எஃப்.-இலிருந்து (தானாக ஃபோகஸ்) எம்.எஃப்.-க்கு (கையால் ஃபோகஸ்) பையிலிருந்து எடுக்கும்போதே நகர்ந்திருக்கும். எங்கள் கூட்டத்து அக்கா ஒருவரிடம் நகரின் நடுவிலுள்ள ஒரு கடையில் மோட்டார் மாற்ற வேண்டும் என்று ஐந்திலக்கத் தொகை சொன்னார்கள். அக்கா அழாத குறையாக வந்து நின்றார். விரல் நுனியால் ஸ்விட்சைத் தள்ளினேன், சரியாயிற்று. அதற்கு அவர் கொடுத்த கூலி, மெதுவடை பன்னிரண்டு.

அது சரியாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு ஸ்விட்ச்: தூர வரம்பு. அதைத் தூரத்துக்கு மட்டும் வைத்துவிட்டுக் காலடி வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கச் சொன்னால் லென்ஸ் எப்படிப் பிடிக்கும்? வரம்பை முழுதாகத் திறந்தும் முடியவில்லையா, அப்படியானால் மிகப் பக்கத்தில் நிற்கிறீர்கள். நிக்கான் 200-500-க்குக் குறைந்தது 2.2 மீட்டர், சிக்மாவின் 150-600 கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர் வேண்டும். கேனான் 100-400-இன் இரண்டாம் பதிப்பு ஒரு மீட்டருக்குள்ளேயே பிடிக்கும். பூவும் பூச்சியும் எடுப்பவர்கள் லென்ஸ் வாங்கும்போது இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் பெரிதாக்கும் துண்டு) மாட்டியிருக்கிறதா? 1.4 மடங்கு ஒரு படி, அதாவது பாதி, வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு இரண்டு படி. லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் 8-ஐத் தாண்டினால் பல டி.எஸ்.எல்.ஆர்.களில் ஆட்டோ ஃபோகஸ் கைவிட்டுவிடும். கழற்றி எடுத்துப் பாருங்கள்.

இன்னும் அடம்பிடித்தால் கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, பின்னாலுள்ள பொன்னிறத் தொடுபுள்ளிகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். துகள் உள்ளே போகும், மேல்பூச்சும் தேயும். வேறொருவர் கேமராவில் உங்கள் லென்ஸையும், உங்கள் கேமராவில் அவர் லென்ஸையும் மாட்டிப் பாருங்கள். கோளாறு எதனோடு போகிறதோ, அதைத்தான் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பறவை கரிக்கட்டையாக வருகிறது, அல்லது கொக்கு வெள்ளைக் காகிதமாக

இரண்டும் ஒரே நோய். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் கேமராவின் குணம். வெளுத்த வானத்தின் கீழ் பருந்து என்றால் கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (+/-) ஒன்று முதல் இரண்டு படி கூட்டுங்கள். கறுத்த ஏரித் தண்ணீரில் வெயில்பட்ட கொக்கு என்றால் ஒரு படி குறையுங்கள். எரிந்த இடம் மின்னுகிற எச்சரிக்கையை மெனுவில் போட்டு வையுங்கள். கொக்கின் முதுகு மின்னினால் அந்த இறகு திரும்ப வராது. திருத்தி முடித்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டு, அடுத்து வரும் எல்லாவற்றையும் கெடுப்பது தனிக் கலை. அதில் நான் தேர்ந்தவன்.

படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு

ஐ.எஸ்.ஓ. கூடியதால் மட்டும் வருவதில்லை. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றினால் அதைவிட மோசமாக வரும். அப்புறம், படத்தின் மூலையில் ஒரு சிட்டு, அதை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் சொரசொரப்பும் சேர்ந்து பெரிதாகும். பக்கத்தில் போவது ஒன்றுதான் மருந்து.

பறக்கும் இறக்கை வளைந்து, நெளிந்து தெரிகிறது

சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இருக்கிறீர்கள். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

வானத்தில் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி

எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுங்கள். புள்ளி இன்னும் தெளிவாகத் தெரிந்தால் சென்சாரில் தூசி. வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அது படத்தைக் கெடுக்காது. முதலில் மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் வசதியை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். போகவில்லையா, லென்ஸைக் கழற்றி, கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் பந்தால் காற்று ஊதுங்கள். டப்பாவில் அடைத்த காற்றை அடிக்கவே கூடாது, உள்ளிருக்கும் திரவம் தெறித்து ஒட்டிக்கொள்ளும். வாயால் ஊதினால் எச்சில். பந்துக்கும் அசையாத புள்ளி ஈரப் பிசுக்கு. அதை ஈரத் துடைப்பானால் துடைக்கப் பழகியவர்கள் செய்யலாம். முதல்முறை என்றால் சர்வீஸில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பால் கலந்தது போல வெளிர் படலம்

நந்தி மலைக்கு அதிகாலையில் போனவர் என்றால், முதலில் பனி. ஏசி காரிலிருந்து ஈரக் காற்றில் எடுத்த லென்ஸில் உடனே நீர் பூத்துக்கொள்ளும். துடைக்காதீர்கள், மறுபடி பூக்கும். இறங்குவதற்கு முன்பே ஏசியை அணைத்து, பையை மூடியபடியே அரைமணி நேரம் விடுங்கள்.

வெயில் எதிரே இருக்கும்போது மட்டும் படலம் வந்தால் ஹூட் போடுங்கள், முன்கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா பாருங்கள்.

எப்போதும் இருக்கிறதென்றால் இருட்டறையில் டார்ச் அடித்து லென்ஸுக்குள் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை நூல் போல, கிளை விட்ட மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. பெங்களூரு குளுகுளு ஊர் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை விட்டுவிட்டு மழை, வெயில் முகம் காட்டாத நாட்கள், அதே நாட்களில் நாமும் வெளியே போகாமல் லென்ஸைத் தோல் பையோடு பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விடுதி கிடையாது. ஆரம்ப நிலை என்றால் பட்டறையில் பிரித்துத் துடைத்துக் கொடுப்பார்கள். தள்ளிப்போட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு கண்ணாடி மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு சில லென்ஸ்களை வாங்கியே விடலாம். கொடுப்பதற்கு முன் செலவைக் கேட்டு, லென்ஸின் இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள்.

வராமல் தடுக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து அலமாரி வாங்க வேண்டியதில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்னக் கருவி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி போடலாம். சமையல் வாணலியில் மட்டும் வறுக்காதீர்கள், எங்கள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

கார்டு பிழை காட்டுகிறது, படங்களைக் காணோம்

எழுத முடியவில்லை என்று மட்டும் சொன்னால் எஸ்.டி. கார்டின் ஓரத்துப் பூட்டைப் பாருங்கள். படங்கள் காணாமல் போயிருந்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். ஒரு படம்கூட மேலே எடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கார்டை வெளியே எடுத்து, கணினியில் ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியை ஓட்டினால் பெரும்பாலும் கிடைக்கும். கணினிக்கே கார்டு தெரியவில்லை என்றால் தரவு மீட்பவர்களிடம் போக வேண்டும். செலவு அதிகம், தேவாங்கு படம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பாதிக்கு மேல் எழுதும்போது மட்டும் படங்கள் கெட்டால் போலிக் கார்டாக இருக்கலாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைக் கருவி கார்டு முழுக்க எழுதிப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டை வாங்கியவுடன் இதைச் செய்யுங்கள்.

கிட்டப் போனதும் பறந்துவிடுகிறது

கேமராவில் கோளாறில்லை. நேராக நடக்கிறீர்கள், அதைப் பார்த்தபடியே நடக்கிறீர்கள், வெள்ளைச் சட்டை வேறு. குறுக்காகப் போங்கள், நடுநடுவே நில்லுங்கள், உட்காருங்கள். அல்சூர் ஏரிக்கரையில் ஒரே கல்லில் அரைமணி உட்கார்ந்தால், மீன்கொத்தி தானாக வந்து தன் வழக்கமான கிளையில் உட்காரும். அங்கே மதராஸ் சாப்பர் ராணுவ முகாம் இருக்கும் பக்கம் மட்டும் நீள லென்ஸைத் திருப்பாதீர்கள், பறவைக்கு முன் காவலர் வந்துவிடுவார்.

போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டாம். கூட்டில் இருக்கும் பறவை நீங்கள் வந்ததும் எழுந்து கத்தினால், படமே வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஆந்தைக்கும் தேவாங்குக்கும் ஃபிளாஷ் கூடவே கூடாது.

கிட்டப் போயும் பறக்கவில்லை

முதலில் மகிழ்ச்சியாக இருக்கும். இரண்டு மூன்று படம் எடுத்த பிறகுதான் உறைக்கும். கேமராவைக் கீழே வையுங்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையில் தத்தும் குஞ்சா? பெற்றோர் பக்கத்து மரத்தில் இருக்கும். தள்ளி நின்று பாருங்கள், பூனையோ நாயோ இருந்தால் மட்டும் பக்கத்துப் புதருக்கு மாற்றுங்கள். வளர்ந்த பறவையா, ஒரு இறக்கை தொங்குகிறதா, இறக்கையில் நூல் தெரிகிறதா? மாஞ்சா நூலில் சிக்கும் பருந்துகளை இந்த ஊரில் அடிக்கடி பார்க்கிறோம். நூலை இழுக்காதீர்கள், தசையோடு வரும். ஒரு துண்டைப் போர்த்தி, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக வையுங்கள். தண்ணீரை அலகில் ஊற்றாதீர்கள். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் காட்டுயிர் சிகிச்சை மையம் இருக்கிறது. வனத்துறைக்கும் சொல்லலாம். பறவையைக் கண்டெடுத்த இடத்தை மட்டும் சரியாகக் குறித்து வையுங்கள், குணமானதும் அங்கேயே விட அவர்கள் கேட்பார்கள்.